வலி சொல்லாத பாதத்தைச் சோதிக்கும் முறை: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

நலமான பாதத்தில் முள் குத்தினால், அந்தச் செய்தி நரம்பு வழியே தண்டுவடத்தை எட்டியதும், நாம் யோசிப்பதற்கு முன்பே கால் தானாக விலகிக்கொள்கிறது. இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருக்கும்போது, உடலிலேயே நீளமான, கால்விரல் நுனி வரை செல்லும் நரம்புகளே பெரும்பாலும் முதலில் பழுதடைகின்றன. வியர்வையைத் தூண்டும் நரம்புகளும் கெடுவதால் தோல் வறண்டு குதிகால் வெடிக்கிறது; இரத்தக் குழாய்களும் குறுகியிருந்தால் புண் ஆறத் தாமதமாகிறது. பாத எரிச்சல் நின்றுவிட்டதென்று சிலர் நிம்மதியடைவதுண்டு. ஆனால் சர்க்கரை குறையாமல் எரிச்சல் மட்டும் நின்றிருந்தால், அது உணர்வு மரத்துப்போனதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆகவே வலி செய்துவந்த வேலையைக் கண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். தினமும் இரவில் நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்து, கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, வீக்கம், விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். காய்ப்பின் அடியில் கருமை தெரிந்தால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். பார்வை மங்கியவர்கள் வீட்டாரைப் பார்க்கச் சொல்வதே நல்லது.

உணர்வைச் சோதிக்க, இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான எளிய முறை ஒன்று உண்டு. நீங்கள் கண்களை மூடிக்கொள்ள, மற்றொருவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எனினும், ஆண்டுக்கொரு முறை மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுச் செய்யப்படும் சோதனைக்கு இது மாற்றாகாது.

கால் கழுவும் நீரின் சூட்டைப் பாதத்தால் அல்ல, முழங்கையால் பாருங்கள். கழுவியபின் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, குதிகாலுக்கு மட்டும் எண்ணெயோ களிம்போ தடவுங்கள். இடுக்கில் தடவினால் ஈரம் தங்கிவிடும். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை வீட்டிலேயே பிளேடால் செதுக்குவதும், கடையில் விற்கும் அமில பிளாஸ்திரியை ஒட்டுவதும் உணர்வற்ற காலுக்குப் பேராபத்து.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மருத்துவர் பரிந்துரைத்தால், குதிகால் பட்டை உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்ணறை ரப்பர்) செருப்பு அணியலாம். போடுமுன் உள்ளே கல் கிடக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கோயில் பிரகாரத்தின் கல்தளம் நண்பகலில் கொதிக்கும். அங்கே செருப்புக்கு இடமில்லை என்பதால், காலையிலோ மாலையிலோ செல்வதே வழி.

புண்ணில் சீழ், நாற்றம், கருமை, பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், வலிக்கவில்லை என்பதற்காக அதன்மேல் நடக்காதீர்கள். உள்ளே எலும்புகள் உடைந்து இடம் பெயரும் சார்கோ பாதத்தின் தொடக்கமாக அது இருக்கலாம் என்பதால், காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.