ரேடியேட்டர் ஹோஸின் இடையே தெர்மோஸ்டாட் பொருத்தும் முறை

காவிரி டெல்டாவில் ஓடும் பழைய டீசல் ஜீப்புகளிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) கழற்றப்பட்ட எஞ்சின்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எப்போதோ ஒருமுறை எஞ்சின் கொதித்திருக்கும். நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று கழற்றிவிட்டிருப்பார்கள். ஆனால் டெல்டா சமதரை. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகும் வண்டிக்கு ஏற்றம் என்று சொல்லப் பாலங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. சுமை குறைவாக ஓடும் எஞ்சினின் தண்ணீர் முழுவதும் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றினால், மார்கழிக் காலையில் வெப்பநிலை காட்டும் கேஜ் முள் 60 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். அந்தக் குளிர்ச்சியில் டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவி இறங்குகிறது. நீராவியும் வெளியேறாமல் ஆயிலில் கலந்து கசடாகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருப்பது பெரும்பாலும் இதன் அடையாளம்தான்.

எஞ்சினிலேயே தெர்மோஸ்டாட் உட்காரும் இடம் நன்றாக இருந்தால், அதற்குரிய அசல் தெர்மோஸ்டாட்டையே வாங்கிப் போடுங்கள். அதைவிடச் சிறந்த வழி இல்லை. அந்த இடம் அரித்துப்போய், மாற்று உறையும் கிடைக்காத எஞ்சினுக்குத்தான், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸின் நடுவே பொருத்தும் இன்லைன் தெர்மோஸ்டாட் ஏற்றது. இரண்டு தட்டுகள் கொண்ட தெர்மோஸ்டாட்டோடு வந்த எஞ்சின்களில், சூடேறியதும் இரண்டாம் தட்டு, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே திரும்பும் உள் பைபாஸ் வழியை அடைக்க வேண்டும். ஹோஸில் பொருத்துவது அந்த வேலையைச் செய்யாது என்பதால், அவ்வகை எஞ்சினில் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம்.

வாங்கும்போது ஹோஸின் உள்விட்டத்தை அளந்துகொண்டு போக வேண்டும். 32, 38 மி.மீ. அளவுகள் பரவலானவை. எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலையையே தேர்ந்தெடுக்கவும். பல பழைய டீசல் எஞ்சின்களுக்கு அது 82 டிகிரி. திறக்கத் தொடங்கியதிலிருந்து முழுதாகத் திறக்க இன்னும் 10 டிகிரிக்கு மேல் ஆகும். பொருத்தும் முன் சோதித்துப் பாருங்கள். வால்வின் விளிம்பில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலால் தெர்மோஸ்டாட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, அடுப்பில் மெல்லச் சூடேற்றினால், வால்வு திறந்த நொடியில் நூல் நழுவி அது விழும். அப்போது, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடித்த வெப்பமானியில் தெரிவதே உண்மையான திறப்பு வெப்பநிலை.

இந்த வேலையின் உயிர் பைபாஸ் குழாயில் இருக்கிறது. நான் முதன்முதலில் ஒரு பழைய ஜீப்பில் பைபாஸ் இல்லாமல் பொருத்தினேன். வால்வு மூடியிருக்கையில் தண்ணீர் நகரவே இல்லை. சிலிண்டர் ஹெட்டில் கொதிக்கும் சூடு, ஒரு முழம் தள்ளி ஹோஸில் இருந்த, சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் மெழுகுக் குமிழை எட்டவில்லை. முள் 100ஐத் தாண்டிய பிறகுதான் வால்வு திறந்தது. உடனே ரேடியேட்டரின் குளிர்ந்த தண்ணீர் சூடான எஞ்சினுக்குள் பாய்ந்து, முள் சரிந்து, வால்வு மீண்டும் மூடிக்கொண்டது. இந்த ஏற்ற இறக்கம் ஹெட் காஸ்கெட்டைத் தின்றுவிடும்.

ஆகவே மேல் ஹோஸில், எஞ்சினுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் இடையே ஒரு டி-பைப் வைத்து, அதிலிருந்து சிறு ஹோஸ் ஒன்றை, ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் கீழ் ஹோஸில், வாட்டர் பம்ப்புக்கு முன்னால் வைத்த இன்னொரு டி-பைப்பில் சேர்க்க வேண்டும். இந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும் என்பதால் அதைப் பெரிதாக்கக் கூடாது. 38 மி.மீ. ஹோஸுக்கு 12 மி.மீ. குழாய், பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, போதுமானது. டி-பைப்பைப் பித்தளையில் கடைந்து வாங்குங்கள். கும்பகோணத்தில் பித்தளை வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. போர்வெல்லுக்கு வாங்கிய பி.வி.சி. மிச்சத்தை வெட்டிச் செருகவே கூடாது, அது 80 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு கூலண்ட்டை ஒரு வாளியில் இறக்குங்கள். அது இனிப்பான நஞ்சு. வாய்க்காலிலோ களத்திலோ விட்டால் மாடும் நாயும் குடித்துவிடும். மேல் ஹோஸை எஞ்சினுக்கு அருகில் வெட்டி, மெழுகுக் குமிழும் ஸ்பிரிங்கும் எஞ்சினை நோக்கி இருக்குமாறு தெர்மோஸ்டாட் உறையைச் செருக வேண்டும். தட்டில் உள்ள சிறு காற்றுத் துளை மேல்பக்கம் வரட்டும். ஹோஸ் 25 மி.மீ.யாவது ஏறி, கிளிப் குழாயின் மேடான விளிம்பைத் தாண்டி உட்கார வேண்டும். கீழ் ஹோஸ் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்கே கிளிப் தளர்ந்தால் தண்ணீர் கசிவதோடு காற்றும் உள்ளே போகும்; உள்ளிருக்கும் கம்பிச் சுருளையும் எடுத்துவிடாதீர்கள். கேஜ் சென்சார் தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நிரப்புவதற்கு டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்துகொள்ளுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோர நிலத்தடி நீரின் உப்பு, அலுமினிய ஹெட்டை அரிக்கும். வண்டியின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி ஐட்லிங்கில் ஓடவிட்டால் காற்று குமிழிகளாக வெளியேறும்; மட்டம் இறங்க இறங்க ஊற்றி, தண்ணீர் சூடேறுவதற்குள் மூடியை இறுக்கிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டைத் தாண்டிய ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்து, முள் 82ஐக் கடந்ததும் திடீரெனச் சுட்டால் வால்வு சரியாக வேலை செய்கிறது.

அதன் பிறகும் எஞ்சின் கொதித்தால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்வதற்கு முன் ரேடியேட்டரைப் பாருங்கள். சம்பா அறுவடைக் காலத்தில் வயலோரம் ஓடிய வண்டியில் வைக்கோல் தூசி அதன் இடுக்குகளை அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து மட்டத்தைச் சரிபார்த்து, எல்லாக் கிளிப்புகளையும் இன்னொருமுறை இறுக்குங்கள்.