வெள்ளத்தைப் பற்றிக் கேட்கப் போய் நிவாரணப் பட்டியல் எழுதி வருகிறவர்களுக்கு

மாரி முடிந்து ஆற்றில் தண்ணீர் இறங்கியதும் மட்டக்களப்புக்குக் கேள்வித்தாள்கள் வரத் தொடங்கிவிடும். வெள்ளம், வறட்சி, கடலரிப்பு, யானை என்று தலைப்பு மாறும். ‘இவற்றுக்குச் சமூகமும் நிறுவனங்களும் எப்படி முகங்கொடுக்கின்றன’ என்ற கேள்வி மட்டும் மாறாது. வருகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனாலும் எங்கள் காலத்துத் தவறுகளையே ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் கேட்க மறப்பது, அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆள் தேடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தெளிந்துவிடும்.

கையில் படிவம், கழுத்தில் அட்டை

இப்படிப் போய்க் கேட்பது பட்டாலும் தெளியாத தவறு. செய்தவருக்கே தெரியாமல் ஆய்வறிக்கையாக அச்சாகி, அலுமாரியில் ஏறிவிடும்.

அண்மையில் ஒரு மாணவி வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எடுத்த நேர்காணல்களை எனக்குப் போட்டுக் காட்டினார். “வெள்ளம் வந்தபோது ஊரவர்கள் என்ன செய்தீர்கள்?” என்பது கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் வந்த பதில்களைக் கேளுங்கள். “எங்கள் பக்கத்துக்குச் சாப்பாட்டுப் பொதி வரவில்லை.” “பாய் கொடுத்தார்கள், பால்மா கொடுக்கவில்லை.” “மதில் விழுந்ததற்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.” ஓர் அம்மா இடையிலேயே, “அடையாள அட்டை நம்பர் சொல்லவா, மிஸ்?” என்கிறார். மாணவி சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். அந்த இடத்திலேயே நேர்காணலை நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை, பேராசையும் படவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் படிவத்தோடு வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பட்டியல் எழுதத்தான் வந்தார்கள். பட்டியல் எழுதும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர் எதையெல்லாம் இழந்தார் என்பது ஊருக்கே தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகும் அதே படிவம், அதே வரிசை. எனவே கழுத்தில் அட்டையும் கையில் வரவுத்தாளுமாகக் கிராம உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிற உங்களிடம் சேதத்தைச் சொல்வதுதான் விவேகம். “நாங்களே சமாளித்துக்கொண்டோம்” என்று சொன்னால் பெயர் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது.

இதில் தொலைந்துபோவது ஆய்வின் கருப்பொருளே. அதே ஊரில் மாணவியை பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்த ஒருவர், நடந்துகொண்டே முழுக்கதையையும் சொல்லியிருக்கிறார். மதகிலிருந்து பாடசாலை வரை வள்ளக் கயிறு கட்டியது. விதைநெல் மூட்டைகளைக் கோயில் மண்டபத்தில் அடுக்கி இரவில் முறைபோட்டுக் காவல் இருந்தது. மாடுகளை மேட்டுக்குச் சாய்த்துச் சென்றது. தோணிக்காரர் கூலி வாங்காமல் ஏற்றி இறக்கியது. அதற்குப் பதிலாக அறுவடையின்போது அவருக்கு நெல் அளந்து கொடுத்தது. ஒலிப்பதிவுக் கருவி அப்போது பைக்குள் இருந்தது. குறிப்பேட்டில் இந்தக் கதைக்குக் கிடைத்தது ஒற்றை வரி. ஆய்வின் முடிவு: ‘சமூகத்தின் தாங்குதிறன் குறைவாக உள்ளது, விழிப்புணர்வு தேவை.’ இப்படிப்பட்ட அறிக்கையைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு நிறுவனம் மதியச் சாப்பாட்டோடு கருத்தரங்கு வைக்கும். கயிறு கட்டியவர்களுக்கு வெள்ளம் என்றால் என்ன என்று வகுப்பு நடக்கும். எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இதுதான்.

என்ன செய்யலாம்? முதல் நாள் எதையும் கேட்காதீர்கள். உத்தியோகத்தரிடம் அனுமதி பெறுங்கள், ஆனால் அவரோடு போகாதீர்கள். “இதனால் எந்த உதவியும் வராது, பெயரும் எழுதமாட்டேன்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதலில் நம்பமாட்டார்கள். பரவாயில்லை, மறுபடியும் போங்கள். கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவமும் அவர்கள் கண்ணுக்கு நிவாரணப் படிவம்தான். வாய்மொழிச் சம்மதம் போதும் என்று நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே காரணம் காட்டிக் கேளுங்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். ‘எப்படி முகங்கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் முறைப்பாடுதான் வரும். நெல்மூட்டை எங்கே இருந்தது? மாடு எங்கே நின்றது? தோணி யாருடையது? எண்ணெய்க் காசு யார் கொடுத்தது? இப்படிப் பொருளைப் பிடித்துக் கேட்டால் பதிலில் ஆட்கள் வருவார்கள், கடன் வரும், பழைய சண்டையும் வரும். நீங்கள் தேடி வந்தது அதைத்தான்.

சங்கத் தலைவரைக் கேட்டால் ஊரைக் கேட்டதாகிவிடும் என்பது

ஆகாது.

ஊருக்கு ஒரே குரல்

‘வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டுமாறு சமூகம் கோரியது’ என்று எழுதும்போது கை கொஞ்சம் கூச வேண்டும். தாழ்ந்த வயல்வட்டையில் வேளாண்மை மூழ்கியவர் இன்றே வெட்டச் சொல்வார். வாவியில் இறாலை நம்பியிருப்பவர் அவசரப்படாதே என்பார். இருவரும் ஒரே வீட்டுச் சகோதரர்களாகவும் இருக்கலாம். மாவட்டச் செயலகமான கச்சேரியில் நீர்ப்பாசனம், கமநலம், மீன்பிடி என்று திணைக்களங்கள் கூடிப் பேசும்போதும் இதே இழுபறிதான். அம்பாறைப் பக்கம் ஒலுவிலைப் பாருங்கள். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். வடக்கே கரை அரித்தது, துறைமுக வாயிலை மணல் அடைத்தது. தென்னங்காணியைக் கடலுக்குக் கொடுத்தவரும் வாயிலில் படகு தட்டி நிற்பவரும் ஒரே மனுவில் கையெழுத்திடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. யார், எந்தத் தொழிலிலிருந்து பேசுகிறார் என்பதைக் குறிக்காத மேற்கோளை நான் அடித்துவிடுவேன்.

‘குடும்பத் தலைவர்’ என்ற பெட்டி

இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் இது வழக்கம். கணவன்தான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். சுனாமிக்குப் பிறகு வீடு கொடுத்தவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் ‘தலைவர்’ என்று கணவன் பெயரில் காணி உறுதி எழுதினார்கள். உங்கள் படிவத்திலும் அதே பெட்டி இருக்கிறது. வெள்ளத்தில் வீட்டை விட்டு எப்போது வெளியேறுவது என்பதை வீட்டுக்காரியிடம் கேளுங்கள்.

‘கடந்த 30 ஆண்டுகளில்…’

1990இலும் 2007இலும் போரால் இடம்பெயர்ந்தவரிடம் இப்படித் தொடங்காதீர்கள். 1978 சூறாவளி, சுனாமி, 2011 வெள்ளம் என்று சொல்லிக் கேளுங்கள். அப்போது எந்த ஊரில் இருந்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நிறுவனத்திடம் திட்டத்தைக் கேட்பது

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு திட்டத்துக்குப் பஞ்சமில்லை. கேட்டால் வண்ண அட்டையோடு கையில் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்து, ‘நிறுவனங்களின் பதிலிறுப்பு’ என்று ஓர் அத்தியாயம் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பதிவேட்டை. வெல்லாவெளிப் பக்கத்தில் யானை வயலுக்குள் இறங்கிய இரவு முதல் அழைப்பு யாருடைய கைப்பேசியிலிருந்து போனது, யானையை விரட்டும் யானைவெடி கேட்டது எந்தத் தேதி, கொடுத்தது எந்தத் தேதி? இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் ஊர் என்ன செய்தது என்பதைத்தான் பிறகு வயலுக்குப் போய்க் கேட்க வேண்டும். பதிவேட்டைப் பிரதியெடுக்க அனுமதி கேட்டால் மேலிடத்துக் கடிதம் வேண்டும் என்பார்கள். அங்கேயே இருந்து கையால் எழுதிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதித்து ஒரு நாற்காலியும் தருவார்கள்.