வேர்ப்புழுவுக்கு நூற்புழு விடும்போது கவனிக்க வேண்டியவை

பூச்சிக்குள் புகுந்து அதைக் கொல்லும் நுண்ணிய புழுதான் நூற்புழு. நான் முதல் தடவை அதை விட்டபோது காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். கடலைச் செடிகள் அங்கங்கே வாடியிருந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரைக் காணோம், அடியில் பிறை போலச் சுருண்ட வேர்ப்புழு. பதற்றத்தில் நூற்புழுப் பொட்டலத்தைக் கரைத்து, காய்ந்த பாத்தியின் மேல் தெளித்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துத் தோண்டினால் வேர்ப்புழுக்கள் கொழுகொழுவென்று உயிரோடு இருந்தன. பொட்டலத்தில் குறையில்லை. மிச்சமிருந்ததை லென்ஸில் பார்த்தேன், நன்றாக நெளிந்துகொண்டிருந்தன. வெயிலிலும் காய்ந்த மண்ணிலும் விட்டதால்தான் மற்றவை செத்தன. மருந்து தெளிக்கிற மாதிரி இதைச் செய்யக் கூடாது என்று அன்றுதான் புரிந்தது.

நூற்புழு என்றதும் வேர்முடிச்சு உண்டாக்கும் இனம் ஞாபகம் வரும். இது வேறு, பயிரைத் தொடாது. பொட்டலத்தில் வருவது மூன்றாம் பருவ இளம்புழு, நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது எதையும் சாப்பிடாது, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலேயே காலம் தள்ளும். குடலுக்குள் தன் கூட்டாளியான ஒரு பாக்டீரியாவைச் சுமந்திருக்கும். பூச்சியின் வாய், ஆசனவாய், மூச்சுத் துளை என்று ஏதாவது ஒரு வழியில் உள்ளே போய் அதை இறக்கிவிடும். இரண்டு நாளுக்குள் பூச்சி சாகும். செத்த உடம்புக்குள்ளேயே நூற்புழு பெருகி, இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கில் வெளியே வரும்.

எந்தப் பூச்சிக்கு எந்த இனம் என்று பார்த்து வாங்குங்கள். வெட்டுப்புழு போல மண்ணின் மேல்மட்டத்தில் நடமாடுவதற்கு ஸ்டைனர்நிமா கார்ப்போகாப்சே. அது வாலில் எழுந்து நின்று, பக்கத்தில் வருகிற பூச்சிக்காகக் காத்திருக்கும். ஆழத்தில் அசையாமல் கிடக்கும் வேர்ப்புழுவுக்கு அது போதாது, தேடிப் போகிற ஹெட்டரோராப்டிடிஸ் பாக்டீரியோஃபோரா வேண்டும். நாற்றுத் தட்டுகளில் வரும் பூஞ்சை ஈப் புழுவுக்கு ஸ்டைனர்நிமா ஃபெல்ட்டியே.

பொட்டலம் கைக்கு வந்ததும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவிடக் கூடாது. விடுவதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்துச் சாதாரணத் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் ஆறப் போடுங்கள். குளிரில் இருந்தவை அசைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்புறம் கறுப்புத் தட்டில் ஊற்றி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். உயிருள்ளவை நெளியும். ஊசி போல விறைத்து, தொட்டாலும் அசையாதவை செத்தவை. பாதி செத்திருந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும்.

அளவு இதுதான்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25. அப்படியென்றால் சதுர மீட்டருக்கு 2.5 லட்சம், ஹெக்டேருக்கு 250 கோடி. 50 லட்சம் கொண்ட பொட்டலம் 20 சதுர மீட்டருக்குச் சரியாக இருக்கும்.

பொழுது சாய்ந்த பிறகுதான் விட வேண்டும், வெயிலின் புற ஊதாக் கதிர் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அதற்கு முன்பே பாத்தியை நன்றாக நனைத்து வையுங்கள். மண் துகள்களைச் சுற்றியுள்ள ஈரப் படலத்தில்தான் இவை நகரும், காய்ந்த மண்ணில் வழியே கிடையாது. தெளிப்பானில் பழைய பூச்சிமருந்தின் வாடை கூட இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் அதிலேயே தங்கிவிடும். சின்ன இடத்துக்குப் பூவாளியே போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும், நூற்புழு அடியில் படிந்துவிடும். கடைசியில் வெறும் தண்ணீர் ஊற்றி, இலையிலும் மண் மேலும் நிற்பவற்றை உள்ளே இறக்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஈரம் காயக் கூடாது, அதற்காகத் தண்ணீர் கட்டி நிற்கவும் கூடாது. மூச்சுக்குக் காற்று வேண்டும்.

புழு சின்னதாக இருக்கும்போதே விடுங்கள். முற்றிய வேர்ப்புழு எளிதில் மசியாது.

ஐந்தாம் நாள் தோண்டிப் பாருங்கள். ஹெட்டரோராப்டிடிஸ் தாக்கிய புழு செங்கல் நிறத்தில் துவண்டு கிடக்கும், அழுகல் நாற்றம் இருக்காது. இருட்டறையில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பார்த்தால் மங்கலாக ஒளிரும். உள்ளே இருக்கும் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவின் ஒளி அது. நான் முதலில் பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். ஸ்டைனர்நிமா தாக்கியது வெளிர் பழுப்பாக இருக்கும், ஒளிராது. கறுத்து நாறினால் வேறு காரணத்தால் செத்தது என்று அர்த்தம்.

அந்தச் செங்கல் நிறப் புழுவை வீசிவிடாதீர்கள். பெரிய தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு மூடியைக் கவிழ்த்து, ஈரக் காகிதம் விரித்து அதன் மேல் செத்த புழுக்களை வையுங்கள். காகிதத்தின் ஓரம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இருட்டில் மூடி வைத்தால், இரண்டு வாரத்தில் இளம்புழுக்கள் தாமாகத் தண்ணீரில் இறங்கும். 1927-இல் வைட் என்பவர் சொன்ன முறை இது, ஆய்வகங்களில் இன்றும் இப்படித்தான் எடுக்கிறார்கள். தேன்கூட்டில் கிடைக்கும் மெழுகுப்புழுவில் வளர்த்தால் ஒரே புழுவிலிருந்து லட்சத்துக்கும் மேல் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக இப்படியே வளர்த்தால் மட்டும் வீரியம் குறையும், இடையிடையே புது வித்து சேர்க்க வேண்டும்.

தட்டு வைக்க நேரமில்லாத நாட்களில், தாக்குண்ட புழுக்களை எடுத்துப் போய், வாட்டம் தெரிகிற செடிகளின் அடியில் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கை இலைச்சருகு போட்டுத் தண்ணீர் தெளித்துவிடுகிறேன்.