அணுஉலையின் திறனைக் கூட்டுவதற்கு முன் என்னென்ன சோதனை? ஒரு நோட்டுப் பயிற்சி

களக்காட்டில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ரொம்ப நாளாக 5 எச்.பி. மோட்டார்தான் ஓடியது. ஏத்தன் வாழைக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஒரு கோடையில் அதைக் கழற்றிவிட்டு 7.5 எச்.பி. மாட்டினோம். குழாய் பழசு, வால்வு பழசு, சுவரோடு குழாயைப் பிடித்திருந்த கிளாம்பும் பழசு. முதல் நாள் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மூன்றாம் நாள் குழாயில் கை வைத்தால் கை கூசும் அளவுக்கு அதிர்வு. ஒரு வாரம் கழித்து, மோட்டார் ஓடும்போது கரண்ட் போனது. மேலே ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கி 'டங்'கென்று அடித்ததில் வால்வு விரிந்துவிட்டது. புது மோட்டாருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வள்ளியூர் பக்கம் பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணாச்சி, கூடங்குளத்துல ஒரு உலைக்கு 1000 மெகாவாட் வருதுல்லா, அதையே இன்னும் கொஞ்சம் கூட்டி ஓட்ட முடியாதா?" முடியும். பல நாடுகளில் செய்திருக்கிறார்கள். ஆனால் கேள்வி மோட்டாரைப் பற்றியது இல்லை, குழாயையும் வால்வையும் பற்றியது. அதை ஒழுங்குமுறை அமைப்பு எப்படிச் சோதிக்கச் சொல்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்போம். இது வெறும் பயிற்சிதான். கூடங்குளத்தில் இப்படிச் செய்யப்போகிறார்கள் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். அங்குள்ள உலை நமக்குப் பழகிய அளவு என்பதால் அதன் எண்களை எடுத்துக்கொள்கிறேன். 100 சதவீதத்தை 104 ஆக்குவதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: எந்த எண்ணைக் கூட்டுகிறோம் என்று எழுதுங்கள்

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. 1000 மெகாவாட் என்பது மின்சாரம். உரிமத்தில் கட்டுப்படுத்தப்படுவது உலை தரும் வெப்பம். கூடங்குளத்தில் இருக்கும் விவிஇஆர் என்ற ரஷ்ய வகை உலைக்கு அது 3000 மெகாவாட். மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மிச்சம் கடலுக்குப் போகிறது. ஆக 104 சதவீதம் என்றால் 3120. கூடுதல் வெப்பம் 120, கூடுதல் மின்சாரம் சுமார் 40. டர்பைனை மாற்றி, அதே வெப்பத்தில் கூடுதல் மின்சாரம் எடுத்தால் அது வேறு கதை. அதற்கு இந்தப் பாடம் பொருந்தாது.

படி 2: எந்த வகை என்று குறியுங்கள்

அமெரிக்காவில் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். அளவீட்டுப் பிழையைக் குறைத்து 2 சதவீதத்துக்குள் பெறுவது ஒன்று. வடிவமைப்பில் ஏற்கெனவே இருக்கும் இடைவெளியைப் பயன்படுத்தி 7 சதவீதம் வரை போவது இரண்டாவது. பெரிய கருவிகளையே மாற்றி 20 சதவீதம் வரை போவது மூன்றாவது. நம்முடைய 4 சதவீதம் நடுவகை. நம் உலையின் சிறிய அண்ணன்மார் இதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்: பின்லாந்தின் லோவீசாவில் 1990-களின் கடைசியில் ஒவ்வொரு உலையின் வெப்பத்தையும் 1375-இலிருந்து 1500 மெகாவாட் ஆக்கினார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1980-களின் கடைசியில் கல்பாக்கம் மின்நிலையத்தில் உலைக்குள் கனநீரைப் பகிர்ந்து விடும் பாகம் உடைந்தது. 220 மெகாவாட் உலைகள் பல வருஷம் 170-இல் ஓடின. புது ஏற்பாடு பொருத்தி, குழாய்களையும் மாற்றிய பிறகுதான் பழைய அளவுக்குத் திரும்பின. அது புதிதாகக் கூட்டியது இல்லை, இழந்ததைத் திரும்பப் பெற்றது. அதற்கே அவ்வளவு காலம்.

படி 3: அளவுகோலைச் சோதியுங்கள்

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம். '100 சதவீதம்' என்பது எங்கேயும் பொறித்து வைத்த எண் இல்லை, ஒருவர் அளந்து சொல்வது. எப்படி அளக்கிறார்கள்? உலையின் வெப்பத்தால் தண்ணீரை நீராவியாக்கும் பாகம் நீராவி ஜெனரேட்டர். அதற்குள் போகும் தண்ணீரின் எடையை, ஒவ்வொரு கிலோவும் உறிஞ்சும் வெப்பத்தால் பெருக்குகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். உள்ளே போகும் நீர் 220 டிகிரி, அதில் கிலோவுக்குச் சுமார் 944 கிலோஜூல். வெளியே வரும் நீராவியில் கிலோவுக்குச் சுமார் 2,780. வித்தியாசம் 1,836. நொடிக்கு 30,00,000 கிலோஜூல் வேண்டும். வகுத்தால் நொடிக்கு 1,634 கிலோ தண்ணீர். 104 சதவீதத்துக்கு 1,699. ஒவ்வொரு நொடியும் ஓர் ஆள் எடைத் தண்ணீர் கூடுதலாகப் போகிறது.

இந்த ஓட்டத்தை அளக்க வழக்கமாக வென்சுரி வைப்பார்கள், அதாவது நடுவில் குறுகிய குழாய். அந்தக் குறுகலில் அழுக்குப் படிந்தால் ஓட்டம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். உலை 100-இல் ஓடுவதாக நினைத்து 99-இல் ஓடும். நஷ்டம்தான், ஆபத்தில்லை. படிந்த அழுக்கைக் கணக்கில் சேர்த்துக் கருவியைத் திருத்திய பிறகு அது ஒருநாள் பெயர்ந்து போனால்தான் வம்பு: இப்போது மீட்டர் குறைத்துக் காட்டும், உலை உரிமத்தைத் தாண்டி ஓடும், யாருக்கும் தெரியாது.

அதனால்தான் பழைய அமெரிக்க விதி, விபத்துக் கணக்கை 102 சதவீதத்தில் போடச் சொன்னது: 2 சதவீதம் மீட்டரின் பிழைக்கு. 2000-இல் அதைத் தளர்த்தி, உங்கள் மீட்டர் துல்லியமானது என்று நிரூபித்தால் அந்த 2-ஐக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது அல்ட்ராசோனிக் மீட்டர்கள் வந்தன. ஒலி ஓட்டத்தோடு போகும்போது வேகம், எதிர்த்து வரும்போது தாமதம். அந்த நேர வித்தியாசத்தில் ஓட்டம் தெரியும். பிழை 0.4 சதவீதம் என்றால், 102 சதவீதமான 3060-ஐ 1.004-ஆல் வகுத்து சுமார் 3048. குழாயில் ஒன்றையும் மாற்றாமல் 48 மெகாவாட் வெப்பம்!

நோட்டில் எழுத வேண்டிய சோதனைகள்: நிலையத்துக் குழாயின் வளைவுகளை மாதிரியாகச் செய்து ஆய்வுக்கூடத்தில் மீட்டரை அளந்த பதிவு, நிலையத்தில் பொருத்திய பிறகு பழைய மீட்டரோடு ஒப்பிட்ட பதிவு, மீட்டர் கெட்டால் எத்தனை நேரத்துக்குள் பழைய திறனுக்கு இறங்க வேண்டும் என்ற கட்டளை. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள்.

அப்புறம் நியூட்ரான்களை அளந்து உலையின் திறனை உடனுக்குடன் காட்டும் கருவிகள். அவை இந்த வெப்பக் கணக்கை வைத்துத்தான் சரிசெய்யப்படுகின்றன. புது உரிமம் வந்ததும் 3120-ஐ 100 என்று திருத்தினால், பழைய முழுத்திறன் 96.2 என்று காட்டும். உலையைத் தானாக நிறுத்தும் வரம்புகளையும் அதற்கேற்ப மாற்றி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். நம் சோதனை ஆரம்பிக்கும் இடம் அந்த 96.2.

படி 4: பழைய பட்டியலைத் தூசி தட்டுங்கள்

புது உலையைத் தொடங்கும்போது ஏற்கெனவே நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்திருக்கும். கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலை 13 அன்று தொடர்வினை தொடங்கி, 2014 ஜூன் 7 அன்றுதான் 1000 மெகாவாட்டைத் தொட்டது. இடையில் 50, 75, 90 என்று நின்று நின்று, ஒவ்வொரு இடத்திலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வாங்கித்தான் ஏறினார்கள். அந்தப் பதினோரு மாதமும் 'ஏன் இன்னும் ஓடலை' என்று டீக்கடைகளில் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன்.

அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டி இங்கே கைகொடுக்கும். பெரிய அளவில் திறன் கூட்டினால், முதல் தொடக்கத்தின்போது 80 சதவீதத் திறனிலும் அதற்கு மேலும் செய்த எல்லாச் சோதனைகளையும் பட்டியலிடு. ஒவ்வொன்றையும் மறுபடி செய், இல்லாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று எழுது. நம் நோட்டிலும் இரண்டு பத்தி: 'செய்வேன்', 'செய்யமாட்டேன், காரணம்'.

படி 5: ஏறும் படிகளை எழுதுங்கள்

நான் போட்டது இது: 3000, 3030, 3060, 3090, 3120. ஒவ்வொரு படியிலும் நிறுத்தம். ஒரு வரிசையை முழுசாகக் காட்டுகிறேன்.

3060 மெகாவாட். அளப்பது: நீராவிக் குழாய், நீராவி ஜெனரேட்டருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஃபீட்வாட்டர் குழாய், பம்புகள் ஆகியவற்றின் அதிர்வு, நீராவியில் கலந்து வரும் ஈரம், உலைக்குள் வெப்பம் பரவிய விதம், சுற்றுப்புறக் கதிர்வீச்சு. வரம்பு: சோதனைக்கு முன்பே எழுதிய எண். மீறினால்: 3030-க்கு இறங்கு, ஆய்வு முடியும்வரை ஏறாதே.

'முன்பே எழுதிய எண்' என்பதில் விரல் வைத்து நிறுத்துகிறேன். எண்ணைப் பார்த்துவிட்டு வரம்பு எழுதினால் அது சோதனை இல்லை.

அதிர்வுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஓட்டத்தால் வரும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 4 சதவீத வேகத்துக்கு 8 சதவீத விசை. 20 சதவீதத்துக்கு 44. அமெரிக்காவின் குவாட் சிட்டீஸ் நிலையத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் கூட்டிய பிறகு, நீராவியிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் டிரையர் என்ற பாகத்தில் 2002-இலும் 2003-இலும் விரிசல் விழுந்தது. கூடிய வேகத்தில் நீராவி, கிளைக்குழாய் வாயைக் கடக்கும்போது பாட்டில் வாயில் ஊதினதுபோல் ஒலித்தது. அந்த ஒலி டிரையரை உலுக்கியது. அந்தப் பாகம் அவசரகாலப் பாதுகாப்புக் கருவி இல்லை. ஆனால் அதன் துண்டு உடைந்து நீராவிக் குழாயில் போய் வால்வில் மாட்டினால்? எங்கள் தோட்டத்து வால்வு எனக்கு ஞாபகம் வரும் இடம் இது.

அதற்குப் பிறகு, 2006-இல் வெர்மான்ட் யாங்கி நிலையம் 20 சதவீதம் கூட்ட ஏறியபோது, குழாய் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் இழுவை அளவிகளை நீராவிக் குழாய்களில் ஒட்டி வைத்திருந்தார்கள். 105 சதவீதம் அருகே ஓர் அளவு வரம்பைத் தொட்டது. நின்றார்கள், ஆராய்ந்தார்கள், பிறகுதான் மேலே ஏறினார்கள். இந்த இரண்டு நிலையங்களிலும் இருந்தவை, தண்ணீர் உலைக்குள்ளேயே கொதித்து நீராவியாகும் கொதிநீர் உலைகள். அவற்றில் டிரையர் உலைக்குள்ளேயே இருக்கும். நம் பயிற்சி உலையில் ஈரம் பிரிவது நீராவி ஜெனரேட்டருக்குள். உறுப்பு வேறு, எழுத வேண்டிய வரி அதேதான்.

படி 6: பெரிய அதிர்ச்சியைக் கொடுப்பதா?

முழுத்திறனில் ஓடும்போது ஆடிக் காற்றில் வெளியே லைன் அறுந்தது என்று வையுங்கள். ஜெனரேட்டருக்குச் சுமை போய்விடும், டர்பைன் நிற்கும், நீராவிக்குப் போக இடமிருக்காது. இதை வேண்டுமென்றே செய்து பார்ப்பதுதான் பெரிய சோதனை. செய்யவேண்டும் என்பவர்கள், கணினிக் கணக்கு வேறு நிஜ நிலையம் வேறு என்பார்கள். எதிர்த்தரப்பு, நல்ல உலையை எதற்குக் குலுக்குகிறாய், சோதனையே தேய்மானம் என்பார்கள். இந்தச் சோதனையிலிருந்து விலக்கு கேட்பவர் காட்ட வேண்டியவை: அதே வகை நிலையத்தில் கிடைத்த அனுபவம், புதிய நிகழ்வு எதுவும் உள்ளே வராதது, கணக்கு முறை அதன் எல்லைக்குள் இருப்பது, பாதுகாப்பு இடைவெளி எவ்வளவு குறைகிறது என்பது.

என் கருத்து: 4 சதவீதத்துக்கு, பழைய சோதனையின் பதிவு சுத்தமாக இருந்தால் விலக்கு கொடுக்கலாம். வால்வையோ கட்டுப்பாட்டு முறையையோ மாற்றியிருந்தால் விலக்கு கூடாது. எங்கள் தோட்டத்தில் கரண்ட் போகும் சோதனையை நாங்கள் செய்யவில்லை, மின்வாரியம் செய்து கொடுத்தது.

இதோடு ஒரு வரி: உலையை அணைத்த நொடியிலும் சுமார் 7 சதவீத வெப்பம் மிஞ்சும். 3000-க்கு 210 மெகாவாட், 3120-க்கு 218. அந்த எட்டையும் குளிர்விக்கும் அமைப்பு தாங்குமா என்று கணக்குக் காட்ட வேண்டும்.

படி 7: கடலையும் எழுதுங்கள்

உலை 3000-இல் ஓடினால் கடலுக்குப் போவது 2000 மெகாவாட் வெப்பம். கடல்நீரை 7 டிகிரிக்கு மேல் சூடாக்கி விடக்கூடாது என்பது விதி. அந்த 7-ஐ அப்படியே தொட்டு ஓடுகிற நிலையத்தில் 4 சதவீதம் கூட்டி, தண்ணீரைக் கூட்டாவிட்டால் 7.28 ஆகிவிடும். உலைக்குள் எல்லாம் சரியாக இருந்தும் இடிந்தகரைக் கடலோரத்தில் திட்டம் நின்றுபோகலாம். சுற்றுச்சூழல் அனுமதி தனி வழி, தனி அலுவலகம்.

படி 8: கையெழுத்துகள்

இந்தியாவில் நிலையத்தின் குழு, தலைமையகத்தின் குழு, பிறகு வாரியத்தின் பாதுகாப்புக் குழுக்கள் என்று அடுக்கடுக்காகப் பார்ப்பார்கள். இயக்க வரம்பு எதையும் வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது. நோட்டின் ஒவ்வொரு படிக்கும் எதிரே 'யார் சொன்னால் ஏறலாம்' என்று ஒரு கட்டம் போடுங்கள். நிலையத்தின் பெயரை மட்டும் எழுதினால் தப்பு.

3120-ஐ எட்டினதும் நோட்டை மூடிவிடாதீர்கள். அடுத்த எரிபொருள் மாற்றத்துக்கு உலை நிற்கும்போது, கூடிய ஓட்டத்தில் குழாய் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, அதே குழாய் வளைவுகளின் தடிமனை அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுத ஒரு பத்தி வேண்டும். அந்தப் பத்தியை இப்போதே கோடு போட்டு, காலியாக விட்டு வையுங்கள்.