முப்பதாயிரம் ரூபாய்க்குள் மரம் கழிக்கும் தொழில்: டெல்டாவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய இரவு. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் காலையில் கதவைத் திறந்தால் வாசல் தெரியவில்லை, தழைதான் தெரிந்தது. அந்த ஒரு மாதம் கயிறும் ரம்பமும் வைத்திருந்தவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இல்லை. நான் அப்போது கயிறு பிடிக்கும் ஆளாகத்தான் இந்த வேலைக்குள் வந்தேன். விழுந்த மரங்களை அறுத்து எடுக்கும்போது ஒன்று புரிந்தது. அதில் பல மரங்களை ஆவணி மாதமே கிளை கழித்து எடையைக் குறைத்திருந்தால் வீட்டு மேல் விழுந்திருக்காது.

இந்தத் தொழிலுக்கு டெல்டாவில் ஏன் இவ்வளவு தேவை என்றால், மண்தான் காரணம். வண்டல் களிமண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பரவுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறி இளகிய நேரத்தில் காற்றும் சேர்ந்தால் தலைப்பாரம் உள்ள மரம் வேரோடு சாய்கிறது. ஆக, வேலைக் காலம் ஆடியில் தொடங்கி புரட்டாசி முடிய. கையில் காசு குறைவு என்றால் சித்திரை, வைகாசியிலேயே தயாராகிவிடுங்கள்.

படி 1: மரத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் (செலவு இல்லை)

ஒரு மாதமாவது அனுபவமுள்ள மரம் ஏறியுடன் போங்கள். சம்பளம் குறைவாகக் கொடுத்தாலும் போங்கள். எந்த மரம் ஆளைத் தாங்கும், எது தாங்காது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் கற்க முடியும். 'புளியங்கொம்பைப் பிடித்துவிட்டான்' என்று சும்மா சொல்லவில்லை. புளியங்கிளை வளையும், எளிதில் முறியாது. முருங்கையும் ஒதியனும் நேர்மாறு. பார்க்கப் பருமனாக இருக்கும், கால் வைத்தால் சட்டென்று ஒடியும். முருங்கையில் ஏறவே ஏறாதீர்கள். தொரட்டியால் இழுங்கள், அல்லது ஏணியைத் தனியாக நிறுத்தி வெட்டுங்கள்.

தென்னைக்கு இன்னொரு சோதனை உண்டு. ஏறுவதற்கு முன் மரத்தின் அடியில் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து மூன்று அடி வரை தண்டைச் சுற்றிப் பாருங்கள். பட்டை வெடிப்பில் செம்பழுப்பு நிறத்தில் சாறு கசிந்து, கீழே வழிந்து காய்ந்து கறையாக ஒட்டியிருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு நம் பக்கத்தில் தெரிய வந்ததால் அந்தப் பெயர். கேனோடெர்மா என்ற பூஞ்சாணம் வேரையும் அடித்தண்டையும் அழுக வைக்கிறது. வெளியில் மரம் நேராக நிற்கும், உள்ளே மக்கியிருக்கும். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டினால் நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் தரும், அழுகிய மரம் 'பொத்' என்று கேட்கும். அந்த மரத்தில் ஏறாதீர்கள். அதே போல் தண்டில் ஓட்டை இருந்து நார் வெளியே தள்ளியிருந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. அதிலும் ஏறக் கூடாது.

அப்புறம் கதண்டு என்கிற விஷக் குளவி. பனையிலும் உயரமான தென்னையிலும் பானை போலக் கூடு தொங்கும். ரம்பச் சத்தம் கேட்டால் கூட்டமாக வந்து கொட்டும், உயிரே போகும். கூடு கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கொக்கு, நாரை குஞ்சோடு இருக்கும் மரத்தையும் குஞ்சு பறக்கும் வரை தள்ளிப் போடுங்கள்.

தென்னை ஏற முறையாகப் படிக்க விரும்பினால் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியை நடத்துகிறது. ஆறு நாள் பயிற்சி, முடிவில் ஏறும் கருவியும் தருவார்கள். அடுத்த பயிற்சி எங்கே, எப்போது என்று நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களிலோ பட்டுக்கோட்டை அருகே வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரிக்கலாம்.

படி 2: முதல் 15,000 ரூபாயை எதில் போடுவது

புதிதாக வருகிற தம்பிகள் எல்லாரும் முதலில் செயின் ரம்பம் வாங்கத்தான் ஓடுகிறார்கள். நான் மன்றாடிக் கேட்கிறேன், முதலில் பெல்ட்டும் கயிறும் வாங்குங்கள். ரம்பம் வாடகைக்குக் கிடைக்கும், இடுப்பெலும்பு கிடைக்காது.

முழு உடல் சேப்டி பெல்ட் ஒன்று. ஐ.எஸ். 3521 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டாம், விழுந்தால் முதுகை முறித்துவிடும். ஐ.எஸ். 2925 முத்திரையுள்ள தலைக்கவசம் ஆளுக்கு ஒன்று. 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு நூறு அடியில் இரண்டு: ஒன்று ஆளுக்கு, ஒன்று கிளைக்கு. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். கிளை இறக்கிய கயிறு உராய்ந்து உள்ளே தேய்ந்திருக்கும், வெளியில் தெரியாது. நான் ஆள் கயிற்றின் முனையில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன்.

மற்றவை: இரும்புக் கப்பி ஒன்று, வளைந்த கை ரம்பம் இரண்டு, பட்டறையில் அடித்த அரிவாள் இரண்டு, நீளத் தொரட்டி, மூங்கில் ஏணி, கண்ணாடி, கையுறை, பூட்ஸ், முதலுதவிப் பெட்டி. கடைக்குக் கடை விலை மாறினாலும் இவ்வளவும் சுமார் 15,000 ரூபாய்க்குள் அடங்கும். வண்டி வாங்க வேண்டாம். டிவிஎஸ் எக்ஸ்எல் இருந்தால் சாமான் முழுவதும் அதில் போய்விடும். மரம் ஏற்றக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.

படி 3: மரம் யாருடையது?

வீட்டுக்காரர் கூப்பிட்டார் என்பதால் மரம் அவருடையது ஆகிவிடாது. டெல்டாவில் ஏராளமான வீடுகள் கோயில் மனையிலும் மடத்து இடத்திலும் இருக்கின்றன. தரை வாடகை கட்டுபவருக்கு மரத்தை அடியோடு எடுக்க உரிமை இல்லாமல் இருக்கலாம். 'அண்ணே, இது பட்டா இடமா, கோயில் இடமா?' என்று முதலிலேயே கேளுங்கள். வாய்க்கால் கரை, ஆற்றங்கரை மரம் என்றால் நீர்வளத் துறை. சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சியோ. புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. சந்தனம், தேக்கு என்றால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

படி 4: மின்கம்பி

கம்பிக்குப் பத்து அடிக்குள் ஏதாவது கிளை போனால் நாம் தொடுவதில்லை என்பது என் குழுவின் சட்டம். ஈரக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். பச்சை மட்டையும் கடத்தும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைன்மேன் எல்.சி. (லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, கம்பியில் மின்சாரம் இல்லை என்று அவர் நேரில் வந்து சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். 'இப்பத்தாங்க கரண்ட் போச்சு, சீக்கிரம் வெட்டிடுங்க' என்று வீட்டுக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். போன கரண்ட் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம்.

படி 5: கிளையை வெட்டும் முறை

நான் தனியாக எடுத்த மூன்றாவது வேலை, ஒரு பூவரசு. தொடை பருமன் கிளை. மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தேன். பாதிகூட அறுபடவில்லை, 'சடசட'வென்று நார் பிளக்கும் சத்தம் கேட்டது. கிளை தன் பாரத்தில் கீழே சாய்ந்தபோது, தாய்த்தண்டின் பட்டை நாலு அடி நீளத்துக்கு வாழைநார் மாதிரி உரிந்துகொண்டே போனது. அந்தப் பட்டையிலேயே தொங்கிய கிளை ஊஞ்சலாக உள்ளே திரும்பி, பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரையில் இறங்கியது. உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடு மாற்றிக் கொடுத்த செலவு என் கூலியைவிட அதிகம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சரியான முறை மூன்று வெட்டு. முதல் வெட்டு, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில், கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து கீழாக. இப்போது கிளை ஒடிந்தாலும் பட்டை உரியாது, கீழ் வெட்டோடு நின்றுவிடும். மூன்றாவதாக, மிஞ்சிய குட்டையை எடுங்கள். தண்டும் கிளையும் சேரும் இடத்தில் மோதிரம் போலச் சின்ன மேடு இருக்கும். அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். அந்த மேட்டைச் சீவிவிட்டால் காயம் மூடாது. நீளமாகக் குட்டை விட்டாலும் அழுகல் உள்ளே இறங்கும்.

கீழே ஓடு, சுவர், கொட்டகை எது இருந்தாலும் கிளையை முதலில் கயிற்றில் கட்டி, மேலே உறுதியான கவட்டையில் மாட்டிய கப்பி வழியாகக் கொண்டுவந்து, கீழே ஒருவர் வேறு மரத்தடியில் இரண்டு சுற்று சுற்றிப் பிடிக்க வேண்டும். கையில் மட்டும் பிடித்தால் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும்.

ஒரே நாளில் மரத்தை மொட்டையடிக்காதீர்கள். பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மொட்டையடித்த வேம்பு பலவீனமான போத்துகளை நெருக்கமாகத் தள்ளும், இரண்டு வருடத்தில் அவைதான் காற்றில் முதலில் ஒடியும். அடியோடு மரம் சாய்ப்பதை முதல் வருடம் நீங்களாக எடுக்காதீர்கள். தெரிந்தவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

படி 6: விலை பேசுதல்

போனில் விலை சொல்லவே சொல்லாதீர்கள். நேரில் போய் மரத்தை நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். ஆள் கூலி, வண்டி வாடகை, பெட்ரோல், கயிறு தேய்மானம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். மூன்று ஆள் ஆளுக்கு ஆயிரம், ரம்ப வாடகையும் பெட்ரோலும் 700, குட்டியானை 800 என்றால் 4,500 ரூபாய் அசல் என்று வையுங்கள். அதற்கு மேல்தான் உங்கள் லாபமும் கருவிக்கான சேமிப்பும்.

தகராறு வருவதெல்லாம் கட்டையும் தழையும் யாருக்கு என்பதில்தான். அதை முதலிலேயே பேசுங்கள். கட்டை உங்களுக்கு என்றால் கூலியில் குறைத்துக் கொடுங்கள். புளி விறகைச் செங்கல் சூளைக்கும், கொழுத்த வேம்பு, வாகை, பூவரசுத் தண்டை மர அறுவை மில்லுக்கும் கொடுக்கலாம். தழையை எரிக்காதீர்கள். பூவரசு, வாகைத் தழைக்கு ஆடு வளர்ப்பவர்கள் வந்து நிற்பார்கள். புங்கன், வேம்பு, வாதநாராயணன் தழையை நடவுக்கு முன் வயலில் மிதித்துவிட விவசாயிகள் வாங்கிக்கொள்வார்கள். சும்மாவே கொடுத்தாலும் அள்ளும் வேலை உங்களுக்கு மிச்சம்.

வாசலைக் கூட்டிவிட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். ஒரு விளக்குமாறு கூடவே இருக்கட்டும்.

படி 7: காகிதம், காப்பீடு

உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. உங்கள் குழுவில் எல்லாரையும் வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அது போதாது, தனி விபத்துக் காப்பீடும் சீக்கிரம் எடுங்கள்.

படி 8: செயின் ரம்பம்

பத்துப் பதினைந்து வேலை முடிந்து கையில் காசு சேர்ந்த பிறகு வாங்குங்கள். உதிரி பாகமும் மெக்கானிக்கும் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ கிடைக்கிற கம்பெனியாகப் பாருங்கள். பெட்ரோலில் 2டி ஆயில் கலக்காமல் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்பது ஆயிலையும் கம்பெனியையும் பொறுத்தது, கையேட்டைப் பாருங்கள். சங்கிலிக்கு ஆயில் தனி. பிளேடின் மேல் நுனி கட்டையில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேல் தூக்கி வெட்டாதீர்கள், ஒற்றைக் கையால் பிடிக்காதீர்கள், முதல் வருடம் தரையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் கை ரம்பம் போதும்.

படி 9: நோட்டு

டீக்கடை, பால் சொசைட்டி, ஹார்டுவேர் கடை, ஊர் வாட்ஸ்அப் குழு, இவ்வளவுதான் விளம்பரம். அதைவிட முக்கியம் ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தத் தெரு, எந்த வீடு, என்ன மரம், எந்தக் கிளை வீட்டுப் பக்கம் சாய்கிறது, எப்போது கழித்தோம் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். அடுத்த ஆடி பிறந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்தில் உள்ள வீட்டுக்குப் போய், 'அம்மா, போன வருசம் கழிச்ச வேம்பு எப்படி இருக்கு, பார்த்துட்டுப் போறேன்' என்று கேட்டைத் தட்டுங்கள்.