ஒரு சறுக்கலுக்கு ஒரு புள்ளி

இடைக்கால ஐரோப்பாவில் 'நைட்' (knight) என்ற போர்வீரர் பட்டம் பெறப்போகும் இளைஞர்கள், முந்தைய இரவு கோயிலில் ஆயுதங்களோடு கண்விழித்து ஜெபிப்பது வழக்கம். 1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கியவர், பின்னாளில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். அவர் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை, திசையை மாற்றினார். 1522 மார்ச் 24 இரவு, மொன்செராட் மலையில் மாதா பீடத்தின் முன் நின்றும் முழந்தாளிட்டும் விழித்திருந்தார். வாளையும் குறுவாளையும் அங்கேயே விட்டார். தன் நல்ல உடையை ஓர் ஏழைக்குக் கொடுத்திருந்தார். அதைத் திருடியதாக அந்த ஏழைமேல் சந்தேகம் விழுந்தது என்று கேட்டதும் அழுதுவிட்டார். அவருடைய வீரத்தில் என் மனதைத் தொட்ட இடம் இதுதான்.

அவர் எழுதிவைத்த பயிற்சி ஒன்றை நாமும் செய்யலாம். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோபம், புறம்பேசுதல், எதுவானாலும் சரி. காலையில் எழுந்ததும், இன்று அதில் கவனமாக இருப்பேன் என்று உறுதி எடுங்கள். சறுக்கும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து மனம் வருந்துங்கள். நாலு பேர் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

நோட்டில் ஒரு நாளுக்கு இரண்டு கோடு போடுங்கள். மதியம் சாப்பிட்டபின் முதல் கோட்டில், இரவு சாப்பிட்டபின் இரண்டாவதில், எத்தனை முறை சறுக்கினோமோ அத்தனை புள்ளி. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு நேற்றோடு, போன வாரத்தோடு.

நான் எடுத்துக்கொண்டது பிள்ளைகளிடம் எரிந்து விழுவதை. முதல் நாள் மதியத்துக்குள்ளேயே ஏழு புள்ளி. அந்த ஏழு புள்ளிகளைப் பார்த்தபிறகுதான் சாயங்காலம் என் குரல் இறங்கியது.