பெட்ரோல் கணக்கில் மின்சாரக் கார் வாங்காதீர்கள்

மின்சாரக் கார் என்றதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" மைலேஜ் கேட்டுப் பழகிய வாய். கேட்பதில் தப்பில்லை, அந்த ஒரே எண்ணை வைத்து காரைத் தேர்ந்தெடுப்பதுதான் தப்பு.

நானும் 500 கிலோமீட்டராவது வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவன்தான். ஒரு மாதம், இரவு வண்டியை நிறுத்தியதும் அன்றைக்கு ஓடிய தூரத்தைக் குறித்து வைத்தேன். 34, 27, 41, 30... ஒரு ஞாயிறு மட்டும் 112. சிறிய மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 13 யூனிட் எடுக்கும். 30 யூனிட் பேட்டரி இருந்தாலே 200 கிலோமீட்டர் தாண்டிவிடும். 40 கிலோமீட்டர் ஓடி வந்த வண்டிக்கு 3.3 கிலோவாட் சார்ஜரில் இரண்டு மணி நேரம் போதும். காரிலேயே விலை கூடிய பாகம் பேட்டரிதான். வருடத்தில் நான்கு நாள் போகும் நெடும்பயணத்துக்காகப் பெரிதாக வாங்கினால், மிச்ச நாளெல்லாம் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டியதுதான்.

விளம்பரத்தில் போடும் தூரத்தை அப்படியே நம்புவது அடுத்த தவறு. அது சோதனைக்கூடத்தில் அளந்தது. 80-இல் போவதை விட்டு 110-இல் போனால் காற்றின் தடை ஏறக்குறைய இரு மடங்காகும், சார்ஜ் மளமளவென்று இறங்கும். ஊருக்குள் நின்று நின்று போகும்போதோ பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. பெட்ரோல் காருக்கு நேர்த் தலைகீழ்!

'ஃபுல் டேங்க்' பழக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நிக்கல் கலந்த பேட்டரியைத் தினமும் 100 சதவீதம் ஏற்றினால் அது சீக்கிரம் தேயும், அன்றாடத்துக்கு 80 போதும். இதைக் கேட்டுவிட்டு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்காரர்களும் 80-இலேயே நிறுத்துகிறார்கள். விலை குறைந்த கார்களில் அதிகம் வருவது இந்த வகைதான். பாதி காலியானாலும் இதன் வோல்டேஜ் பெரிதாக மாறாது. அதனால் மிச்சம் எவ்வளவு என்று காருக்கே கணக்குத் தவறும். அவ்வப்போது முழுசாக ஏற்றினால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள், விற்பவருக்கே பல நேரம் தெரிவதில்லை.

எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் போடவே போடாதீர்கள். மணிக்கணக்கில் முழுக் கரண்ட் ஓடினால் பிளக் உருகும்.

"இன்னும் விலை இறங்கட்டும்" என்று காத்திருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2010-இல் ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரிக்கு 1,000 டாலருக்கு மேல் ஆனது, 2024-இல் சராசரியாக 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. லித்தியமே இல்லாத சோடியம் அயனி பேட்டரியை சீனாவின் சிஏடிஎல் பேட்டரி நிறுவனம் 2021-இல் அறிமுகம் செய்தது. எடைக்குக் கொள்ளும் மின்சாரம் அதில் குறைவு, ஆனால் சோடியத்துக்குப் பஞ்சமே இல்லை. மலிவுக் காருக்கு அது பொருந்தும் என்பது என் கணிப்பு. அதற்காக, வீட்டிலேயே சார்ஜ் போட வசதியும் தினம் 40 கிலோமீட்டர் ஓட்டமும் உள்ளவர் ஏன் காத்திருக்க வேண்டும்? வண்டி நிறுத்தவே சொந்த இடம் இல்லாதவர் பொறுப்பதில்தான் அர்த்தம் இருக்கிறது.

பழைய கார் பார்ப்பவர்கள் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். 2010-இல் வந்த முதல் நிஸான் லீஃபில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெயில் அதிகமான இடங்களில் கொள்ளளவு வேகமாகச் சரிந்தது. ஆகவே குளிரூட்டல் எப்படி, பேட்டரியின் ஆரோக்கியம், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் மிச்சம், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கின்றன. அந்த வாரன்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.